தொட்டியின் பெயர் பூண்ட போர்வண்டி



குடியரசு தின அணிவகுப்பில் டாங்கிகள் தரை அதிர உருண்டு செல்வதைத் தில்லிவாழ் தமிழர் பலர் கண்டிருப்பீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் டாங்கி என்ற பெயருண்டு. அப்பெயர் போர்வண்டிக்கு வந்தது தற்செயலன்று.

முதல் உலகப் போரில் முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் காலாட்படையை முன்னேறவொட்டாமல் தடுத்தன. அவற்றைக் கடக்கவே பிரிட்டிஷார் இரும்புக் கவச வண்டியை இரகசியமாக உருவாக்கினர். உண்மை வெளிப்படாதிருக்கத் தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லி வைத்தனர், அப்பெயரே நிலைத்துவிட்டது.

1916 செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் சோம் போர்க்களத்தில் அவ்வண்டி முதன்முதலாகத் தோன்றியது. எடை சுமார் 28 டன். வேகமோ மணிக்கு 6 கிலோமீட்டர்தான். எஞ்சினின் வெப்பத்திலும் புகையிலும் எட்டு வீரர்கள் உள்ளே வெந்தனர். பல வண்டிகள் வழியிலேயே பழுதுற்று நின்றன. ஆயினும் மறு ஆண்டு நவம்பரில், காம்பிரேயில் நூற்றுக்கணக்கான டாங்கிகள் ஒருசேரப் பாய்ந்து எதிரியின் அரணைப் பிளந்தன. அக்காலத்திலேயே பிரெஞ்சுக்காரரின் ரெனோ டாங்கி, சுழலும் பீரங்கிக் கூண்டை மேலேயும் எஞ்சினைப் பின்னேயும் அமைத்து, பிற்காலத்து டாங்கிகளுக்கு வழிகாட்டியது.

டாங்கிக்கு வேண்டுவன மூன்று: கவசம், பீரங்கி, வேகம். கவசத்தைக் கனமாக்கினால் வேகம் குறையும். எடையைக் குறைத்தால் உள்ளிருப்போரின் காப்புக் குறையும். இம்மூன்றையும் சமன் செய்யும் முயற்சியே டாங்கியின் வரலாறு.

ஆனால் இயந்திரம் மட்டுமே வெற்றி தருமா? 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் இதற்கு விடை கிடைத்தது. பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்நாளில் பெரும் புகழ் பெற்றவை. நம் படையினர் வாய்க்கால் நீரை வயல்களில் பாய்ச்சி நிலத்தைச் சேறாக்கினர். கரும்புக் காட்டில் மறைந்து காத்திருந்தனர். சேற்றில் சிக்கிய பாட்டன்கள் வீழ்ந்தன. ஜீப்பில் பொருத்திய பீரங்கி கொண்டு டாங்கிகளை அழித்த அப்துல் ஹமீது அங்கேயே உயிர் நீத்தார். பரம வீர சக்கரம் பெற்றார்.

அதே 1965-இல், சென்னையை அடுத்த ஆவடியில் பிரிட்டிஷ் வடிவமைப்பைத் தழுவி 'விஜயந்தா' டாங்கி உருவாயிற்று. பின்னர் அதே ஆவடியிலேயே 'அர்ஜுன்' டாங்கியை நம் பொறியாளரே வடிவமைத்தனர். அணிவகுப்பில் அதனைக் காணும்போது நம்மூர்த் தொழிலாளரின் கைத்திறனை நினைந்து பெருமை கொள்ளலாம். கூடவே, அந்த இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் மனிதரையும் மறவாதிருப்போம். டாங்கிக்கு உயிரூட்டுபவர் அவரே.