மழை மாசத்துக்கு வைக்கோல்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. மாட்டைப் பத்தின்னா பேசுவேன்னு சொன்னேன், சரின்னு கூப்பிட்டுட்டாங்க.

நம்ம காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினா எல்லாருக்கும் சந்தோஷம். நவரைக்குத் தண்ணி ஆச்சு. ஆனா மாட்டுக்கு அதுதான் கஷ்டகாலம். ஏரி உள்வாயில தண்ணி ஏறிட்டா மேய்க்க இடம் ஏது? ஐப்பசியில இருந்து மார்கழி முடிய கட்டுத்தறியிலேயே நிக்க வேண்டியதுதான்.

2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அப்போ குழுவுல கடன் வாங்கி ரெண்டு காளைக்கன்னு வளத்துக்கிட்டிருந்தேன். நம்ம பக்கம் காளைக்கன்னு கடைசியில கறிக்குத்தான் போகுது, இதுல மறைக்க ஒண்ணுமில்லை. அதுக்குச் சதைதான் விலை. நான் வைக்கோல் போரை வெறுந்தரையில போட்டிருந்தேன். அடியில ஈரம் ஏறி, மேல மழை இறங்கி, கறுப்பா பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. வேற இல்லையேன்னு அதையே உதறிப் போட்டேன். ஒண்ணு கழிய ஆரம்பிச்சுது, இன்னொண்ணு வாயே வைக்கலை. கார்த்திகை முடியறதுக்குள்ள விலா எலும்பை எண்ணலாம். வாசலுக்கு வந்த வியாபாரி முதுகைத் தடவிப் பாத்துட்டு ரெண்டுக்கும் சேர்த்து 19,000ன்னார். நான் வாங்கினதே 14,000. பதினாலு மாசம் வளர்த்த கூலி 5,000. குடுத்துட்டேன். தவணைக்குப் பத்தாம கம்மலை அடகு வச்சேன்.

அதுக்கப்புறம்தான் கால்நடைப் பல்கலைக்கழகத்தோட வேலூர் பயிற்சி மையத்துக்குப் போனேன். அங்க முதல்ல கணக்குப் போடச் சொன்னாங்க. ஒரு உருப்படிக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோல்னா 100 நாளைக்கு 500 கிலோ. மிஷின்ல சுத்தற கட்டை நான் எடை போட்டேன், 16 கிலோ இருந்துச்சு. அப்போ ஒரு மாட்டுக்கு 32 கட்டு. அன்னி வரைக்கும் நான் 'ஒரு போர்'னுதான் நெனைச்சிருக்கேன், கிலோவுல நெனைச்சதே இல்லை.

ரெண்டாவது, யூரியா வைக்கோல். வெறும் வைக்கோல்ல புரதம் நூத்துக்கு மூணு நாலுதான், வயிறு ரொம்பும், சதை பிடிக்காது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணி. நல்லா கரையணும். தார்ப்பாய் விரிச்சு, ஒரு அடுக்கு வைக்கோல் பரப்பி, பூவாளியில தெளிச்சு, மிதிச்சு, மறுபடி அடுக்கு. கடைசியில காத்துப் போகாம மூடி, மேல கல்லு வச்சிடணும். 21 நாள் திறக்கக் கூடாது. திறந்தா கண்ணு எரியற மாதிரி வாடை அடிக்கும், அது நல்ல அறிகுறி. ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்க. முதல் நாளே முழுசா தின்னாது. பாதிக்குப் பாதி கலந்து பழக்கணும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்குப் போடவே கூடாது. அக்காங்களே, இதைக் கவனமா கேளுங்க: யூரியா கரைச்ச தண்ணியை வாளியில மீதி வைக்காதீங்க. மாடு குடிச்சா டாக்டர் வர்றதுக்குள்ள செத்துடும்.

இளம்புல்லு அறுத்துப் போடறவங்க முன்னாடி ஒரு கை வைக்கோல் போட்டுட்டுப் போடுங்க, உப்புசம் வராது. மழைக்கு முன்னாடி குடல்பூச்சி மருந்து குடுத்துடணும், இல்லைன்னா நாம போடற தீனியைப் பூச்சிதான் தின்னும்.

போர் இப்போ கல்லு வச்சு, பனங்கை பரப்பி, அதுக்கு மேலதான் போடறேன். குடிசைக் கூரை மாதிரி சரிவு வச்சு, மேல தார்ப்பாய். அடுத்த ஜோடியை 16,000க்கு வாங்கினேன். வைக்கோல் 64 கட்டு, அறுப்பு நேரத்துல கட்டு 130 ரூபாய். தவிடு, பிண்ணாக்கு, தாது உப்பு தனி. மார்கழியைத் தாண்டி தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போனோம். 47,000. தீனிச் செலவு போனா பெரிய லாபம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவசரத்துக்கு விக்கலை, கம்மலும் திரும்பி வந்துச்சு.

இப்போ கூட்டமைப்புகிட்ட ஒண்ணு கேக்கணும். மாடு வாங்கக் கடன் குடுக்கறோம். அது திங்கறதுக்குக் கடன் கேட்டா, போன கூட்டத்துல "வைக்கோலுக்கெல்லாமா கடன்?"னு சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன், அது வேற விஷயம். சொர்ணவாரி அறுப்பு நடக்குது, வைக்கோல் இப்போ மலிவு. ஐப்பசியில இதே கட்டு இரட்டை விலை. உருப்படிக்கு 4,000, மாடு வச்சிருக்கிற குழுவுக்கு மட்டும், ஆவணியிலேயே குடுத்து, தையில திருப்பிக் கட்டற மாதிரி ஒரு தீர்மானம் போடுங்க. பத்துப் பேர் சேர்ந்தா நேரா வயல்ல இருந்தே டிராக்டர்ல ஏத்திக்கலாம், நடு ஆள் வேண்டாம்.

எங்க வீட்டுல மூடி வச்ச வைக்கோலுக்கு வர்ற வெள்ளிக்கிழமை 21 நாள் முடியுது. காலையில எட்டு மணிக்குத் திறப்பேன். பாக்கணும்னு நெனைக்கறவங்க வாங்க, மூக்கைப் பொத்திக்க ஒரு துணி கொண்டாங்க.