மண்ணுக்குள் இரு குழாய்கள்



கோடைக்காலத்தில் காவிரி மணலில் ஊற்றுத் தோண்டியிருக்கிறீர்களா? மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற ஆற்றங்கரை ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. மணலை அள்ள அள்ளப் பக்கங்கள் சரிந்து விழும். சற்று ஆழம் சென்றதும் நீர் சுரக்கும். இவ்விளையாட்டில் ஒரு பொறியியல் பாடம் அடங்கியிருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளி பெரும்பாலும் பாறைமேல் செம்மண் படிந்த நிலம். ஆயினும் ஏரியோரங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் மணலும் வண்டலும் உண்டு. சேலம் நகரின் குடிநீருக்கெனப் பனமரத்துப்பட்டி ஏரி 1911-ஆம் ஆண்டில் அமைந்தது. 1934-இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீரும் பின்னர் நகருக்கு வந்தது. வீட்டுக்குள் வந்த நீர் கழிவாக வெளியேறவும் வழி வேண்டுமன்றோ? ஆகவே, ஒரே தெருவில் இருவகைக் குழாய்களையும் புதைக்க வேண்டியதாகிறது. ஏரியோர மணலில் இப்பணிக்கு இடர்கள் மூன்று.

முதலாவது, சரிவு. ஒரு கன மீட்டர் ஈரமணல் ஏறக்குறைய 2 டன் எடையுள்ளது. குழியில் நிற்பவரை அது மார்பளவு மூடினாலே மூச்சு விடுதல் அரிதாகிவிடும். ஆதலால் பக்கங்களுக்குப் பலகை அடைத்து, குறுக்கே முட்டுக் கொடுத்த பின்னரே ஆள் இறங்குதல் வேண்டும்.

இரண்டாவது, ஊற்று. குழியினுள் மட்டும் நீரை இறைத்தால், நீரோடு மணலும் பொங்கி அடித்தளம் குழைந்துவிடும். எனவே, குழியின் இருமருங்கும் துளையிட்ட குழாய்களை இறக்கி, நிலத்தடி நீர்மட்டத்தை முன்னதாகவே தாழ்த்துவர்.

மூன்றாவது, மிதப்பு. மண் மூடாத குழியில் நீர் நிறைந்தால், வெறுங்குழாய் ஆர்க்கிமிடீசு கண்ட விதிப்படி மேலே எழும், இணைப்புகள் விலகும். கழிவுநீர்க் குழாயின் வாட்டமும் கெடும். கழிவு தேங்காதிருக்க நொடிக்கு 0.6 மீட்டர் வேகமேனும் வேண்டும். அவ்வேகத்தைத் தருவது அந்த வாட்டமே.

விலகிய இணைப்பால் விளையும் தீங்கு யாது? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மணலை இழுத்துக்கொண்டு கழிவுக் குழாய்க்குள் புகும். மேலே சாலை உள்வாங்கும். நீர்மட்டம் தாழும் கோடையிலோ கழிவு வெளியே கசியும். குடிநீர் விடாத வேளையில் அக்குழாயில் அழுத்தம் குறைவதால், அதன் விரிசல் வழியே அக்கசிவு உள்ளே நுழையும்.

1854-இல் இலண்டன் மாநகரின் பிராட் தெருவில் காலராவுக்கு 600-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்தெருவின் குடிநீர்க் கிணறே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக் குழி கசிந்தமை தெரிந்தது.

இதனாலேயே இரு குழாய்களுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பர். இடமில்லையெனில், தனிக் குழியில், கழிவுக் குழாயின் உச்சிக்கு 0.5 மீட்டரேனும் மேலாகக் குடிநீர்க் குழாய் அமைதல் வேண்டும். மண் மூடுமுன் நீர் நிரப்பி, ஒவ்வோர் இணைப்பையும் சோதித்தல் வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளராவீர்கள். சிலர் நகர்மன்றத்தில் அமர்வீர்கள். எல்லோரும் அந்நீரைப் பருகுவீர்கள். உங்கள் தெருவில் குழி தோண்டும்போது நின்று பாருங்கள். முட்டு உண்டா, சோதனை நடந்ததா என்று பணிவுடன் கேளுங்கள். மண் மூடியபின் பிழையைக் காண்பது அரிது. அது நோயாக வந்த பின்னரே நாம் அறிவோம்.