மழைநீருக்கு வழி

பெய்யும் மழையில் மண் உறிஞ்சியது போக எஞ்சிய நீர் ஓடியே தீரும். அந்நீருக்கு வழி வகுப்பது ஊராரின் கடமை என்பேன். நம் முன்னோர் அதனை வரத்துக்கால் வழியே ஏரியில் சேர்த்தனர். மதகைத் திறந்து வயலுக்கு விட்டனர். மிகுந்த நீர் கலங்கல் வழிந்து அடுத்த ஊர் ஏரியை நிரப்பிற்று. குடவோலை மூலம் ஏரி வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையை, முதற் பராந்தக சோழனின் 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு விளக்குகிறது. ஏரியைப் பேணுவது அவர்கள் பொறுப்பு.

வரத்துக்கால் தூர்ந்தால் ஏரி வறளும். கலங்கலுக்குக் கீழுள்ள கால்வாயில் வீடுகள் எழுந்தாலோ, வெள்ளம் அவ்வீடுகளுக்குள்ளேயே புகும். ஒரே ஊர் மாரியில் மூழ்கிக் கோடையில் குடிநீருக்கு அலைவது இதனாலேயே. ஆதலின், ஐப்பசி பிறக்குமுன் உங்கள் ஊர் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களைக் குறித்துவந்து ஊர்ப் பெரியோரிடம் கூறுங்கள்.