ரஷ்ய மொழி படிக்க எந்தப் புத்தகம்?
(ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)

வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் ரஷ்ய மொழி படிக்க நினைக்கிறவர்கள் அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்காதீங்க. நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். சொற்களின் மேல் அழுத்தக்குறி இருக்கிறதா? 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே! சாதாரண ரஷ்ய நூல்களில் இந்தக் குறி இராது. பாடநூலில் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, பயிற்சிகளுக்குப் பின்பக்கத்தில் விடை உண்டா? தனியாகப் படிப்பவருக்கு அதுதான் வாத்தியார்.

33 எழுத்து, 6 வேற்றுமை என்று மலைக்க வேண்டாம். தமிழிலே எட்டு வேற்றுமை பார்த்தவர்கள்தானே நாம்! ஆனால் ஆறையும் ஒரே பாடத்தில் கொட்டுகிற புத்தகத்தை விட்டுவிடுங்கள். அங்கேதான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொன்றாக, உரையாடலோடு சொல்லித் தருவதையே எடுங்கள்.