எந்தத் துறையில் எடுத்த தண்ணீர்?



ஏரி, குளங்களின் நீர்த்தரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். மகத்திலிருந்து தொடங்குகிறேன். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதைக் கொண்டு? சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்த 108 பானைகளைக் கொண்டு.

சாணத்தில் ஈ.கோலை கிருமி உண்டு. குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒன்றுகூட அது இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். ஆக, தீட்டைப் போக்குகிறேன் என்று மாசைக் கொட்டினார்கள். தண்ணீரைத் தொட்டவர் என்ன சாதி என்று சொல்லும் சோதனை எதுவும் கிடையாது.

அதற்காக, சோதனைக் கருவி வந்தால் சாதி ஒதுங்கிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். ஆய்வின் தொடக்கத்தில் ஓர் ஏரிக்குப் போனேன். உடன் வந்த ஊர்ப் பெரியவர் கோயில் படித்துறையைக் காட்டினார். அங்கேயே மாதிரி எடுத்தேன். திரும்பும்போது சேரிப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார்: "எங்க துறையில எப்பத் தம்பி எடுப்ப?" ஊர்ச் சாக்கடை முழுவதும் அவர்கள் துறையில்தான் வந்து விழுகிறது. என் அறிக்கையில் ஓர் எண்கூடத் தவறில்லை. ஆனால் அறிக்கை பொய்.

நேரமும் பொய் சொல்லும். பாசி படர்ந்த குளத்தில் வெயில் நேரத்தில் அந்தப் பாசியே ஆக்சிஜனை நிறைய உண்டாக்கும். இரவில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். மதியம் மட்டும் அளந்தவருக்குக் குளம் நலமாகத்தான் தெரியும்.

ஆகவே, சாக்கடை விழும் வாயிலிலும், சேரித் துறையிலும், நடுவிலும், மதகிலும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். விடியலிலும் மதியத்திலும், மழைக்கு முன்னும் பின்னும் எடுக்கச் சொல்லுங்கள். முடிவைத் தமிழில் எழுதிக் கரையில் வைக்கச் சொல்லுங்கள். சாக்கடையைத் திருப்பாமல் தூர்வாருவதில் பயனில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

குடிநீரைச் சோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கிறது ஜல் ஜீவன் திட்டம். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? சேரியிலிருந்து எத்தனை பேர்? ஊருக்குப் போனதும் முதலில் இதைக் கேளுங்கள்.

அந்த அம்மாவின் துறையில் பிறகு மாதிரி எடுத்தேன். முடிவை முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினேன்.

ஜெய்பீம்.