கையெழுத்துக்கு முன் ஒரு மூச்சு



லாவெண்டர் எண்ணெயை முகர்ந்தால் "முடியாது" என்று சொல்லும் துணிவு வருமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். வராது. மணம் மனதைச் சற்று அமைதிப்படுத்தலாம், அவ்வளவுதான். விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். வீட்டிலுள்ள அத்தரே போதும்.

ஆனால் அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் லேசாக நினைக்கவில்லை. கடனுக்கு ஜாமீன் கேட்டு உறவினர் வந்து உட்கார்ந்தால், "மாமி, யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்துவிடுங்கள். கைக்குட்டையில் ஒரு துளி விட்டு மெதுவாக மூச்சு விடுங்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர்தான் கட்டவேண்டும். மறுநாள் பதிலை உங்கள் வாய்தான் சொல்லவேண்டும்.

தோலில் தடவுவதானால் 30 மில்லி தேங்காய் எண்ணெயில் லாவெண்டர் 12 துளிக்கு மேல் வேண்டாம். நீலகிரித் தைலத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம்; குப்பியைப் பூட்டி வையுங்கள்.