பாலிகிளினிக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் வீட்டில் யாராவது இருந்தால், கொஞ்சம் ரேடியோ பக்கத்தில் வரச் சொல்லுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசின் மருத்துவத் திட்டம் ஒன்று இருக்கிறது. இ.சி.எச்.எஸ். 2003-இல் தொடங்கியது. ஓய்வு பெறும்போது ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும். பிறகு ஆயுள் முழுக்க வைத்தியம். அவருக்கு மட்டுமில்லை, மனைவிக்கும் உண்டு. அவரை நம்பியிருக்கும் வயதான தாய் தகப்பனுக்கும் உண்டு.

சாதாரண நாளில் பொதுவாக முதலில் இந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி. இந்த நடைமுறையே மனதில் பதிந்துபோய், நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தாலும், "காலையில் கடிதம் வாங்கிட்டுப் போகலாம்" என்று பெரியவர் படுத்துவிடுவார். அது மிக ஆபத்து.

அவசரத்துக்குக் கடிதம் வேண்டாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி அருகில் இருந்தால் நேரே போய், இ.சி.எச்.எஸ். கார்டைக் காட்டுங்கள். அப்படி அருகில் இல்லையா? எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே போங்கள். ஆனால் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். செலவை முதலில் நீங்கள் கட்ட நேரும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். அரசு வைத்திருக்கும் கட்டண அளவுக்குள் பணம் திரும்ப வரும்.

மறுபடியும் சொல்கிறேன். அவசரத்துக்குக் கடிதம் வேண்டாம். உங்கள் பாலிகிளினிக் போன் நம்பரை இன்றைக்கே காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.